மசுயே அக்கா எடுத்துக் கொடுத்த துப்பாக்கிகள்

மசுயே அக்கா எனக்கு மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுகிற ஸ்னைப்பர் விளையாட்டுத் துப்பாக்கி விற்கமாட்டேன் என்று சொன்னது எத்தனையோ வருடத்துக்கு முந்தைய கதை. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. தனியாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. கட்டட வேலையில் என்னோடு சாரம் கட்டுகிற ஆட்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அவள் சொன்னாள்: "இது உனக்கு ஆகாது இஷிகே. உன்னால ஒரு இடத்துல குந்தி இருக்க முடியாது. சாரத்து மேல ஏறின குரங்கு நீ. ஓடுறவனுக்கு ஏத்ததை எடுத்துட்டுப் போ."

பின்னால் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் கடைத் தகரமே அதிர்ந்தது. நான் டோக்கியோவுக்குப் போய் வேறொரு கடையில் அதே துப்பாக்கியை வாங்கினேன். புதருக்குள் மணிக்கணக்காகப் படுத்துக் கிடந்தேன். நன்றாகவே சுட்டேன். அக்கா கணித்ததில் தப்பாய்ப்போனது என் ஒருவன் விஷயம் மட்டும்தான் என்று நான் சொல்வேன். என்னைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவளும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர் யாச்சிமாட்டாவில் நிலக்கடலைக் காடுகள் முடிகிற இடத்தில் ஒரு தேவதாருத் தோப்பு இருக்கிறது. அதைக் குத்தகைக்கு எடுத்து, புதரை வெட்டி, பழைய பீப்பாய்களையும் பலகைகளையும் நிறுத்தி ஏர்சாஃப்ட் களமாக்கியவர் அவள் புருஷன் நெமோத்தோ. வளர்ந்த ஆம்பிளைகள் பிளாஸ்டிக் குண்டு சுட்டு விளையாட ஒரு காடா என்று ஊரே சிரித்தது. அக்கா அப்போது கடலை வறுக்கிற கொட்டகையில் சொத்தைக் கடலை பொறுக்குகிற வேலையில் இருந்தாள். புருஷனுக்குச் சோறு கொண்டுவந்த ஒரு நாள், ஒரு அணியில் ஆள் குறைந்தது. சமையல் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் உள்ளே இறங்கினவள், எதிரணியின் கொடியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளை வெளியே நிறுத்த யாராலும் முடியவில்லை. நெமோத்தோ காலமான பின் களமும் அவளுடையது, வாசலில் இருந்த கடையும் அவளுடையது.

பொறுக்கிப் பழகிய கண் அது. கடலையைப் பார்த்த மாதிரியே ஆளையும் பார்ப்பாள்.

புதிதாக வருகிறவன் தலைக்குள் ஒரு சினிமா ஓடிக்கொண்டிருக்கும். இருக்கிறதிலேயே பெரிய துப்பாக்கியைக் காட்டுவான். அக்கா விலை சொல்லமாட்டாள். "ரயில்ல வர்றியா, கார்ல வர்றியா?" என்று கேட்பாள். ரயில் என்றால் அந்தப் பெரியது அப்போதே சுவருக்குத் திரும்பிப் போய்விடும். அடுத்து, கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டு, சுவரில் தொங்குகிற காலண்டரைக் குறிபார்த்துத் துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்வாள். தண்ணீர் கொதிக்கும்வரை கை இறங்கக் கூடாது. பாதிப் பேருக்குக் கெட்டில் முனகத் தொடங்கும்போதே குழல் தரையைப் பார்க்கும். "அரை நாள் காட்டுல இதைத் தூக்கிட்டு ஓடணும். இதைவிடக் குட்டையானது, இதைவிட எடை கம்மியானது எடு. பேட்டரியில ஓடுறதா எடு" என்பாள். அதற்கும் முன்னால் கண்ணையும் வாயையும் மூடுகிற முகமூடியை வாங்க வேண்டும். அதை வாங்காதவனுக்குத் துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கவே தரமாட்டாள். முதல் இரண்டு தடவை வாடகைக்கு எடுத்து ஆடிவிட்டு வந்தால் இன்னும் மரியாதை.

பழையவர்கள் பாடு வேறு. அவர்களுக்குத் துப்பாக்கி வேண்டியிருக்காது, புதுசு வேண்டும் என்கிற அரிப்புதான் இருக்கும். "வீட்டுல இருக்கிறதுல எது கெட்டுப் போச்சு?" என்று கேட்பாள். பதில் இல்லாதவன் தேநீர் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

கேஸ் துப்பாக்கி மேல் எல்லோருக்கும் ஒரு மயக்கம் உண்டு. சுடும்போது கையில் உதைக்கும், நிஜம் மாதிரி இருக்கும். வெயில் காலத்தில் கடையில் சுட்டுப் பார்த்து வாங்குவான். குளிர் வந்ததும் அது இருமிவிட்டுப் படுத்துவிடும். வெயிலிலும் ஒரு வம்பு இருக்கிறது. கமோஷிதா என்று ஒரு மீன்கடைக்காரன் எங்களோடு ஆடுவான். ஆகஸ்டு மாதம் ஒரு நாள் காலையில் அவனுடைய கேஸ் துப்பாக்கியை வேகம் அளக்கிற கருவியில் அளந்து, சரி என்று ஒட்டுச்சீட்டும் ஒட்டியாகிவிட்டது. மதியம் அக்கா அவனைக் களத்தின் நடுவில் நிறுத்தி மறுபடி அளந்தாள். வெயிலில் கேஸ் சூடேறி, சட்டம் சொன்ன வேகத்தைத் தாண்டியிருந்தது. காலையில் ஒட்டிய சீட்டு இருக்கிறதே என்று அவன் வாதாடினான். "காலையில உன் சட்டைகூடத்தான் காய்ஞ்சிருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியை வாங்கி நிழலில் வைத்தாள்.

அவள் தனக்கென்று வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். ஆடாதவள் அடுத்தவனுக்குத் துப்பாக்கி எடுத்துக் கொடுக்கக் கூடாது. காடு வருடா வருடம் மாறும், கை மாறும், கண் மாறும், உள்ளே இறங்காமல் கவுன்ட்டரில் உட்கார்ந்து சொல்கிறவன் சொல்வதெல்லாம் பொய் என்பாள். அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு எத்தனை கூட்டம் இருந்தாலும் தோளில் துப்பாக்கியோடு இறங்கிவிடுவாள்.

ஒரு குளிர்காலத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். கால் தேறியது, பேச்சு திரும்ப வந்தது, வலது கை பாதிதான் தேறியது. கிண்ணத்தை அணைத்துக்கொள்ள வரும், சாப்ஸ்டிக் பிடிக்க வராது. விசையை இழுக்கிற விரல் அவள் சொல் கேட்கவில்லை. மகள் ஷியோரி வேலையை விட்டுவிட்டு வந்து கடையைப் பார்த்துக்கொண்டாள். அவள் ஒரு நாளும் ஆடியவள் இல்லை. நீங்கள் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தால் போதும், ஆட்டம் வேண்டாம் என்று அம்மாவிடம் கெஞ்சினாள். அக்கா கேட்கவில்லை. இலையுதிர் காலத்துப் போட்டிக்குள் தன்னால் ஆட முடியவில்லை என்றால் கடையை மூடிவிட்டு, தோப்பை நிலக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள். நிலக்காரர் மரத்தை வெட்டிச் சூரிய மின்தகடு போடக் காத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் போவதற்கு எங்களுக்கு அதை விட்டால் வேறு இடமே இல்லை.

அப்புறம் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். தனக்கு ஒரு துப்பாக்கி எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.

"ஊர்ல வேற ஆளே இல்லையா அக்கா?" என்றேன்.

"மத்தவங்க எல்லாம் எனக்குப் பிடிச்சதைச் சொல்லுவாங்க. நீ என் மேல கோவமா இருக்க. நீ சரியாப் பார்ப்ப."

அவள் மனசில் இருந்தது நெமோத்தோ காலத்து நீளத் துப்பாக்கி. நான் கெட்டிலில் தண்ணீர் வைத்தேன். அவள் என்னை முறைத்தாள். இடது கையில் துப்பாக்கியைத் தூக்கி, வலது முன்கை மேல் சாய்த்து, காலண்டரைப் பார்த்துப் பிடித்தாள். கெட்டில் முனகுவதற்கு முன்னாலேயே குழல் இறங்கிவிட்டது.

"இது உங்களுக்கு ஆகாது அக்கா" என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்கப்போவதில்லை.

கடையிலிருந்த ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். நீளத்தைக் குறைத்தேன். முன்பக்கம் கனக்கிறதையெல்லாம் ஒதுக்கினேன், கனம் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். பெரும்பாலான துப்பாக்கிகளில் தவறிச் சுடாமல் தடுக்கிற பூட்டை வலது கைக்காரனுக்காகவே வைத்திருப்பான். இரண்டு பக்கமும் பூட்டு உள்ள குட்டையான பேட்டரித் துப்பாக்கி ஒன்று மூலையில் தூசி படிந்து கிடந்தது. அகலமான தோள்வார் ஒன்றை மாட்டி, எடையை முதுகு தாங்கும்படி இழுத்துக் கட்டினேன். வலது கை பிடிக்க வேண்டாம், அடியில் தாங்கு கட்டை மாதிரி இருந்தால் போதும். மறுபடி தூக்கினாள். தண்ணீர் கொதித்தது. அணைக்கச் சொல்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். "பொம்மை மாதிரி இருக்கு" என்று குறை சொன்னாள். ஆனால் அந்தக் கோடை முழுக்கக் கடைக்குப் பின்னால் காலி டப்பாக்கள் டங் டங் என்று விழுந்துகொண்டிருந்தன.

போட்டி நாள் வந்தது. நானும் அக்காவும் கையில் சிவப்புப் பட்டை கட்டிய அணி, கமோஷிதா கூட்டம் மஞ்சள் பட்டை. இந்த ஆட்டத்தில் குண்டு பட்டதா இல்லையா என்று சொல்ல நடுவர் கிடையாது. பட்டவனே கையைத் தூக்கி "ஹிட்" என்று கத்திவிட்டு வெளியே போக வேண்டும். சந்தேகமாக இருந்தாலும் போக வேண்டும். பட்டும் போகாதவனுக்கு நடமாடும் பிணம் என்று பெயர். அப்படிப்பட்டவர்களை அக்கா கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாகத் துரத்தியிருக்கிறாள்.

அன்றைக்கு அவள் சுடச் சுட ஆட்கள் விழுந்தார்கள். ஒருவன் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து, ஒருவன் பலகைக்குப் பின்னாலிருந்து, கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைக் குண்டு பறப்பது மர நிழலில் நன்றாகத் தெரியும். கமோஷிதா தலைக்கு ஒரு சாண் மேலே ஒரு குண்டு போனதை நான் பார்த்தேன். அவன் "ஹிட்" என்று கத்தினான். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா மதியக் கறிச்சோற்றுக்கு வரவில்லை. நான் தேடிப் போனபோது கடையில் உட்கார்ந்து துப்பாக்கியிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஷியோரி நின்றிருந்தாள்.

"என் குண்டு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். "பட்டும் படலைன்னு சாதிச்சவனை எல்லாம் துரத்தி விட்டிருக்கேன். படாமலே பட்டுதுன்னு சொல்றவனை என்ன செய்றது, இஷிகே?" பிறகு மகள் பக்கம் திரும்பி, நிலக்காரருக்குப் போன் பண்ணிவிடச் சொன்னாள்.

சாயந்திரம்வரை போனைத் தொடாதே என்று ஷியோரியிடம் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போனேன். எனக்கு நயமாகப் பேச வராது. யார் யார் படாமல் கை தூக்கினது என்று கேட்டேன். அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று கமோஷிதாதான் சொன்னான்.

"அதை அவங்க மூஞ்சிக்கு நேரா போய்ச் சொல்லு, பார்ப்போம்" என்றேன். "நீங்க எல்லாரும் சேர்ந்து இப்பக் கடையைத்தான் சுட்டு வீழ்த்தியிருக்கீங்க. அவங்க மூடப் போறாங்க."

யாரும் அதற்கு மேல் சோறு அள்ளவில்லை. நான் கையிலிருந்த சிவப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டு மஞ்சளைக் கட்டிக்கொண்டேன். கடைக்குத் திரும்பிப் போய், பேட்டரியை மாட்டச் சொன்னேன். அக்கா என் கைப்பட்டையைப் பார்த்தாள். பேட்டரியை எடுத்து மாட்டினாள்.

அடுத்த ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவளைத் தோளில் சுட்டேன். பலகையைத் தாண்டி ஓட முடியாமல் தயங்கினாள், நான் தயங்கவில்லை. "ஹிட்" என்று அவள் போட்ட சத்தத்தில் காக்கைகள் எழுந்தன. கையைத் தூக்கிக்கொண்டு, காலைக் கொஞ்சம் இழுத்தபடி, கல்யாண ஊர்வலத்தில் போகிற மாதிரி வெளியே நடந்தாள்.

அதற்கடுத்த ஆட்டத்தில் ஒரு பெரிய தேவதாரு மரத்துக்குப் பின்னால் அவள் ஒதுங்குவதைப் பார்த்துவிட்டேன். வலது கைக்காரன் மரத்துக்குத் தன் வலப்பக்கமாகத்தான் எட்டிப் பார்த்துச் சுடுவான், இல்லாவிட்டால் உடம்பு முழுக்க வெளியே தெரியும். இத்தனை வருடமும் அந்தப் பக்கத்தைத்தான் என் கண் பார்த்துப் பழகியிருக்கிறது. அந்தப் பக்கத்திலேயே குறியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இடது கைக்கென்று அந்தத் துப்பாக்கியைத் தேடி எடுத்துக் கொடுத்தவனே நான்தான். ஆனாலும் அந்த நேரத்தில் புத்திக்கு எட்டவில்லை. மரத்தின் மற்றப் பக்கத்தில் குழலும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தன. நெஞ்சில் டொக்கென்று விழுந்தது.

"ஹிட்" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஆட்டம் முடியும்வரைகூடப் பொறுக்காமல், கையைத் தூக்கிக்கொண்டு தானும் வெளியே வந்துவிட்டாள்.

"எங்க பட்டுது?"

"நெஞ்சுல."

"சட்டையை அவிழ்."

எல்லோரும் பார்க்கச் சட்டைப் பொத்தானை அவிழ்த்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "செவந்திருக்கு" என்று ஷியோரிக்குக் குரல் கொடுத்தாள். பிறகு போய் ஆறிப்போன கறிச்சோற்றை இரண்டு தட்டு சாப்பிட்டாள். அன்று சாயந்திரம் கவுன்ட்டரில் நின்று, காரில் வந்த ஒரு புதுக் கல்யாண ஜோடிக்கு ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கி கிடையாது, அவளுக்குத் தனி, இவனுக்குத் தனி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நிலக்காரருக்குப் போன் போகவில்லை.

இந்த வருடம் வசந்தத்தில் அவளுக்கு மறுபடி பக்கவாதம் வந்தது. இந்தத் தடவை எதுவும் சரியாகத் தேறவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் அவித்த கடலை கொண்டுபோனேன். நர்ஸ் அதைப் பிடுங்கி வைத்துவிட்டாள். அக்காவுக்குப் பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது, ஆனால் ஒவ்வொரு துண்டும் தெளிவாக இருந்தது. கடையை ஷியோரி எடுத்து நடத்துகிறாளாம். ஆடாமல் கவுன்ட்டரில் நிற்கக் கூடாது என்று சொல்லியாகிவிட்டதாம், அவளும் சரி என்றுவிட்டாளாம். அவளுக்குக் குட்டையான பேட்டரித் துப்பாக்கி ஒன்றை அக்காவே படுக்கையில் இருந்தபடி தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டாளாம். வருகிற ஞாயிறு ஷியோரியின் முதல் ஆட்டம்.

என் சட்டைக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"நீ அவளுக்கு எதிர்ப் பக்கம் நில்லு" என்றாள். "படலைன்னா கையைத் தூக்காதே."