ஜெயபாயின் இடது கால்

குழித்துறைக்குக் கிழக்கே ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிறவர் ஜெயபாய். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி, தலைவலி மாத்திரைகூட விழுங்கியறியாதவர். கொரோனா வந்த முதல் வருஷம் மகன் எபின் காய்ச்சலில் விழுந்தபோது கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்றிருந்த நாட்கள் முடிந்ததும் மறுநாளே தோட்டத்துக்குப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து இடது கெண்டைக்கால் கனத்தது. சரிவில் பிசகியிருக்கும் என்று நினைத்தார். சாயங்காலத்துக்குள் அது வீங்கிச் சிவந்து சுட்டது. கணவர் சுந்தரராஜ் தைலத்தைச் சூடாக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அடுத்த வீட்டு ஷிபா நர்ஸ். முற்றத்திலிருந்தே பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"மாமா, தடவாதீங்க!"

"தடவாம பின்ன எப்பிடிட்டி வடியும்?"

"உள்ள ரத்தம் கட்டியிருந்தா எளகி நெஞ்சுக்குப் போயிரும். ஆட்டோ விளிங்க."

மார்த்தாண்டத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். ஷிபா பயந்தபடியே இருந்தது. தொடைவரை நீண்டிருந்த கட்டியைத் திரையில் காட்டிய டாக்டரம்மா, "காய்ச்சல் வந்துதா?" என்று கேட்டார்.

"மவனுக்குத்தான் வந்துது. எனக்கு ஒண்ணுமே இல்லியே."

ரத்தப் பரிசோதனை வேறு விதமாகச் சொன்னது.

"உங்களுக்கும் வந்து போயிருக்கும்மா. அறிகுறியே இல்லாதவங்களுக்கும் அபூர்வமா ரத்தம் இப்படி உறையும். இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா வேற காரணம் ஒண்ணும் தெரியல்ல."

"ரப்பர் பால்ல ஆசிட் விட்டா உறையுமே, அதுமாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

ஜெயபாய்க்குப் பயத்தைவிட வியப்புதான் மேலோங்கியது. தன் உடம்புக்குள் ஒரு படையே இறங்கியிருக்கிறது. சண்டை நடந்து, ஜெயித்தும் முடிந்திருக்கிறது. அப்போது அவர் கஞ்சிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்! படுக்கையில் கிடந்தபடி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொந்தக் கைகள்தான். ஆனாலும் யாரோ பெரியவர்களின் முன்னால் இருப்பதுபோல ஒரு மரியாதை வந்தது.

ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி, பிறகு மூன்று மாதம் மாத்திரை. கத்தி பட்டால் ரத்தம் நிற்காது என்று அதுவரை பால் வெட்டத் தடை.

கடைசி ஸ்கேனில் டாக்டரம்மா ஒலியைக் கூட்டி வைத்தார். அலை கரையேறுவதுபோல உஸ்ஸென்று ஒரு சத்தம்.

"என்ன சத்தம் டாக்டரே?"

"உங்க ரத்தம்தான். கட்டி கரைஞ்சு வழி விட்டிருக்கு."

சுந்தரராஜ் எழுந்து நின்றுவிட்டார். ஐம்பத்திரண்டு வருஷமாக ஒரு நொடிகூட நிற்காமல் ஓடியதை ஜெயபாய் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.