மைக்கை விடாத ஜோவிதா

விஞ்ஞானிகள் பொதுமக்களோடு பேசும் மாதாந்திரக் கூட்டத்தில், கேள்வி கேட்பவர்களிடம் மைக்கை நீட்டுவது பெங்களூர் லிங்கராஜபுரத்து ஜோவிதாவின் வேலை. நீட்டுவாளே தவிர, யார் கையிலும் கொடுக்கமாட்டாள். "சின்னக் கேள்விதான்" என்று எழுந்து சொந்தக் கதை அளப்பவர்களை ஏழு வருஷமாகப் பார்த்தவள். கதை நீண்டால் வெடுக்கென்று மைக்கை இழுத்துக்கொள்வாள்.

தொண்ணூற்றொன்பதில் சூரிய கிரகணத்தைப் பற்றிக் கூட்டம். கடைசிக் கேள்வி யாருடையது என்று மேடையில் இருந்த விஞ்ஞானி கேட்டபோது ஜோவிதா மைக்கைத் தன் வாய்க்கே கொண்டுபோனாள்.

"சின்னக் கேள்விதான் சார். நான் வயித்துல இருக்கும்போது எங்கம்மா கிரகணத்துல மீன் அறுத்துட்டாங்க..."

அம்மாவிலிருந்து சித்திக்கும், சித்தியிலிருந்து வீட்டுக்காரம்மாவுக்கும் கதை போனது. மேடையில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கேள்விக்கு வாங்கம்மா."

"ஸ்வல்ப இருங்க சார், வரேன்."

மைக்கை இழுக்க ஆளில்லை.