மாமனார் வார்த்த டிஸ்க்

எங்கள் காரின் பிரேக் போய்க்கொண்டிருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். வேறு யாரும் கண்டுபிடிக்க வழியில்லை, அதை ஓட்டுகிறவள் நான் ஒருத்திதான். எனக்கு வால்பாறையில் பள்ளிக்கூட வேலை. திங்கட்கிழமை காலை கோயமுத்தூரிலிருந்து மலையேறுவேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குவேன். கோடை விடுமுறை விட்ட அன்று கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது, பெடலை மிதித்த கால் அதிர்ந்தது. முன் சக்கரத்திலிருந்து இரும்பு அரைபடும் சத்தம் வந்தது. மலையடிவாரத்து ஆழியாறு வந்து சேரும்வரை எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டுவிட்டேன். மாசாணியம்மனை மட்டும் இரண்டு தடவை.

மறுநாள் மெக்கானிக் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். பிரேக் பேட் காகிதமாகத் தேய்ந்து, அது கவ்விப் பிடிக்கும் டிஸ்க் என்கிற இரும்புத் தட்டையும் வரிவரியாகக் கீறி வைத்திருந்தது. "ரெண்டையுமே மாத்தோணுமுங்க. கடையில வாங்கிட்டு வந்தீங்கன்னா அரை நாள் வேலைதானுங்க" என்றார்.

அந்த அரை நாள் வேலை எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் விடுமுறை முழுவதற்குமான வேலையாகிவிட்டது.

முதலில் என் கணவர். இவர் எதையும் வீடியோ பார்க்காமல் வாங்கமாட்டார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் பனிமலையில் காரை நிறுத்தி நிறுத்திக் காட்டுவதை ராத்திரிச் சாப்பாட்டோடு பார்த்தார். நான் டிஸ்க் என்றால் "அதுக்குப் பேரு ரோட்டர்" என்று திருத்தினார். ரோட்டரில் வரிசையாக ஓட்டை போட்டிருக்க வேண்டுமாம், பேட் செராமிக்காக இருக்க வேண்டுமாம், ரேஸ் வண்டிக்கெல்லாம் அப்படித்தானாம். கோயமுத்தூர் ஆண்களின் மனதுக்குள் எப்போதும் ஒரு ரேஸ் வண்டி உறுமிக்கொண்டிருக்கும். இவர் மனதுக்குள் மட்டும்தான் உறுமும். மலைப்பாதையில் இவருக்குத் தலைசுற்றும் என்பதால் வால்பாறைக்கு ஒரு தடவைகூட காரை ஓட்டியவர் இல்லை.

அடுத்து என் மாமனார். கோயமுத்தூர் கணபதியில் பம்ப் கம்பெனி வைத்திருக்கிறார். இரும்பை உருக்கி வார்ப்பதும் லேத்தில் கடைவதும் எல்லாம் அங்கேயே. எங்கள் ஊரில் பட்டறை வைத்திருக்கிறவர்கள் இரும்புச் சாமானைக் கடையில் வாங்கினால் அது குடும்பத்துக்கே தலைகுனிவு. என் மாமனார் கல்யாண மண்டபத்துக்குப் போனால் பந்தியில் உட்காரும் முன்பு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து வெல்டிங் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனாலும் நோயாளியைவிட கட்டிலைத்தான் அதிக நேரம் விசாரிப்பார். இப்படிப்பட்ட மனிதரிடம் போய் "கடையில் டிஸ்க் வாங்க வேண்டும்" என்றால் என்ன ஆகும்?

"ஏன் அம்மணி, ஒரு இரும்புத் தட்டுக்குப் போயி கடைக்காரங்கிட்ட நிக்கறதா? ஊருக்கே நாம வார்த்துக் குடுக்கறோம். என்ர பம்பு காங்கேயத்துல கெணத்துக்குள்ள எத்தன வருசமா ஓடுது! ஒரு கீறல் உண்டா? பேடுக்கு மட்டும் புதுசா லைனிங் ஒட்டிக்கலாம், போ" என்றார்.

பம்ப் தண்ணீருக்குள் குளுகுளுவென்று கிடக்கிறது, என் பிரேக் மலையிறங்கும்போது தோசைக்கல்லாகக் காய்கிறது, இரண்டும் ஒன்றா என்று கேட்க வாய்வரை வந்தது. மாமனாரிடம் யார் அப்படிக் கேட்பார்கள்? "பாக்கலாமுங்க மாமா" என்றேன். எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை. பெண் கேட்டு வந்தவரிடமும், ஓட்டுக் கேட்டு வந்தவரிடமும், கைமாற்றுக் கேட்டு வந்தவரிடமும் "பாக்கலாமுங்க" என்போம். கேட்டவரும் புரிந்துகொண்டு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆனால் இரும்பு வார்க்கும் ஆசை வந்துவிட்ட மனிதருக்கு அது காதில் ஏறவில்லை. அந்த வாரமே பழைய டிஸ்க்கை வைத்து மண்ணில் அச்சு எடுத்துவிட்டார்.

டிஸ்க் தயாரானது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கமாட்டேன். மாமனார் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, குங்குமப் பொட்டு வைத்தார். பங்காளிகள் வந்து பார்த்தார்கள். ஆளுக்கொரு தடவை விரலால் சுண்டி ஓசை கேட்டு, "கம்பெனிச் சாமானே தோத்துதுங்க" என்றார்கள். கணவர் மட்டும் ஓட்டை இல்லையே என்று வருந்தினார். அதையும் போட்டுவிடலாம் என்று மறுபடி பட்டறைக்கு எடுத்துப்போகப் பார்த்தார், நல்லவேளை மாமனார் விடவில்லை.

மெக்கானிக் அதை மாட்டி, தெருவில் ஓட்டிப் பார்த்தார். பிரேக் மிதித்தபோது கார் உடம்பெல்லாம் குலுங்கி, மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் எழுப்பி, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி எதிர்வீட்டு வாசலில் போய் நின்றது. கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு வீட்டுக்குள் ஓடினார்.

"எப்பிடீங்க, பிடிக்குதுங்களா?" என்று மாமனார் கேட்டார்.

மெக்கானிக் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். "பாக்கலாமுங்க" என்றார்.

எதற்கு வேண்டுமானாலும் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். பிரேக்குக்குக் கேட்டது அன்றுதான். ஆனாலும் பெரியவர் மனம் நோகக்கூடாது என்று அத்தனை பேரும் நல்லா இருக்குதுங்க, நல்லா இருக்குதுங்க என்றார்கள். சத்தம் வந்தால் முன்னால் போகிறவன் ஒதுங்கிக்கொள்வான் என்று ஒரு பங்காளி அதற்கும் நியாயம் சொன்னார். மலையில் அந்தப் பெடலை மிதிக்கப்போகிற காலின் சொந்தக்காரியிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும் முன் வால்பாறையில் நான் தங்க ஒரு வாடகை வீடு பிடித்திருந்தோம். அதற்குப் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தது. பெரியவர்கள் இல்லாமல் பால் பொங்காது. புறப்படும் முந்தின நாள் சாயங்காலம், எல்லோரும் கூடத்தில் இருந்தபோது, "மாமா, நீங்க முன் சீட்டுல உக்காந்துக்கோங்க, மலையெல்லாம் நல்லாத் தெரியும்" என்றேன்.

மாமனார் செய்தித்தாளை மடித்தார். மறுபடி விரித்தார். "நா பஸ்ஸுல வந்துபோடறேன் கண்ணு. எனக்குக் கார்ல ஏ.சி. ஒத்துக்கறதில்ல" என்றார்.

எங்கள் காரில் ஏ.சி. வேலை செய்து பல வருடம் ஆகிறது.

உடனே கணவர் எழுந்து, "அப்பாவை எப்பிடித் தனியா பஸ்ஸுல அனுப்பறது? நானும் கூடப் போறேன்" என்றார்.

"அப்ப காரை ஆரு ஓட்டிட்டு வாரதுங்க?" என்று கேட்டேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். உடனே பார்வையை எடுத்துவிட்டார்கள். எனக்கு வந்தது கோபம்தான், ஆனால் கண்ணில் தண்ணீராக வந்து மானத்தை வாங்கியது. இந்த வீட்டில் ஒரு மாதமாகப் பிரேக்கைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இரும்பைப் பேசினோம், ஓட்டையைப் பேசினோம், ஓசையைப் பேசினோம். நான் ஒரு மனுஷி அதற்குள் உட்கார்ந்து மலையிறங்குவேன் என்பது இவர்களுக்குத் தங்கள் முறை வந்தபோதுதான் உறைத்திருக்கிறது.

கார் சாவியை எடுத்து மாமனாரின் செய்தித்தாள் மேல் வைத்தேன். "நானும் பஸ்ஸுலயே வாரேனுங்க மாமா" என்றேன். கல்யாணமான ஏழெட்டு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் "முடியாது" அதுதான். அதையும் ஒரு ங்க போட்டுத்தான் சொன்னேன்.

பஸ்ஸில் போனோம். பால் பொங்கியது. திரும்பி இறங்கும்போது மாமனாருக்கு டிரைவருக்குப் பின் சீட் கிடைத்தது. ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் பஸ்ஸின் தரையை ஓங்கி மிதிப்பதைப் பக்கத்து வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியதும் திரும்பி, "வாரா வாரமா இதுல எறங்கற?" என்று கேட்டார். ஆமாங்க மாமா என்றேன்.

மறுநாள் காலை அவரே என்னை உக்கடம் பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடை பாய் காரின் பெயரைக் கேட்டார், வருடத்தைக் கேட்டார். பிறகு, "வண்டி ஆரு ஓட்டறதுங்க, எந்தப் பக்கம் ஓட்டறதுங்க?" என்றார். மாமனார் ஒதுங்கி நின்று என்னைக் கை காட்டினார். நான் சொன்னேன். பாய் உள்ளே போய், கார் கம்பெனியே போடுகிற சாதாரண டிஸ்க்கையும் சாதாரண பேடையும் கொண்டுவந்து வைத்தார். ஓட்டையும் இல்லை, செராமிக்கும் இல்லை. மாமனார் டிஸ்க்கைச் சுண்டி ஓசை கேட்டார். "நம்முளுதும் இதே மாரிதான் இருந்துச்சு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை, பையைப் பின் சீட்டில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, முன் சீட்டில் மாமனார் உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. சீட் பெல்ட்டை இழுத்து, மாட்டத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏ.சி. ஒத்துக்குங்களா மாமா?" என்றேன்.

"ஜன்னலை எறக்கி உட்டுக்கலாம். நீ எடு கண்ணு" என்றார்.