தையலுக்கு விட்ட பலகை

தையல்காரர் வீட்டில் கட்டிலில் படுப்பது ஊரார் துணி. தைத்த சட்டை, தைக்காத சட்டை, ஆள் வந்து வாங்காத சட்டை எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே கிடக்கும். அவரும் மனைவியும் தரையில் பாய் விரித்துப் படுப்பார்கள்.

"இன்னைக்குக் கட்டில்ல நான்தான் படுப்பேன். மூட்டையெல்லாம் எங்க போகும்னு எனக்குத் தெரியாது" என்று மனைவி காலையிலேயே சொல்லிவிட்டாள்.

போன வாடகை வீட்டில் அவர் தன் கையாலேயே ஓர் அலமாரி அடித்தார். ஆணியாக அடித்துத் தள்ளிய அது, வீடு மாறும்போது வாசலைத் தாண்டாமல் வீட்டுக்காரருக்கே தானமாகப் போனது. அதனால் இந்த முறை ஆணிப் பக்கமே போகக் கூடாது, அலமாரி ஆடவும் கூடாது, கழற்றவும் வர வேண்டும் என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். தையல்காரருக்கு உடனே புரிந்தது. ஆணி என்றால் மெஷின் தையல். போல்ட் என்றால் கையால் போடும் ஓட்டுத் தையல், எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம். ஐந்து பலகை, நான்கு கால், இருபது போல்ட்.

அளவெடுப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. முன்னறையில் இரண்டு சுவர்களுக்கு நடுவே இருந்த இடத்தை மூன்று தடவை அளந்தார். சரியாக நாலடி. ஆனால் இருபது வருஷப் பழக்கம் கையை விடுமா? பலகையில் சாக்பீஸால் கோடு போட்டவர், தையலுக்கென்று பக்கத்துக்கு ஒரு இஞ்ச் கூட விட்டு அறுத்தார். கால்களைக் கோட்டுக்கு உள்ளேயே வைத்துப் பூட்டினார். ஐந்து பலகைகளும் இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் நீட்டிக்கொண்டிருந்தன. அது அவர் கண்ணில் படவே இல்லை.

தூக்கி நிறுத்தி நகர்த்தினால், இடத்துக்குள் போக மறுத்தது. மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் ஓரமாக இருக்கட்டும் என்று எதிர்ப்பக்கம் தள்ளினார். அது தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் வசமாகச் சிக்கி, சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. தோள் கொடுத்துத் தள்ளியும் அசையவில்லை. உறுதி என்றால் அப்படி ஓர் உறுதி. உள்ளே மனைவி.

மூன்றாம் தட்டின் வழியாக அவள் முகம் தெரிந்தது. அந்த இடைவெளி மூட்டைக்கு அளந்தது, ஆளுக்கு அல்ல. பக்கத்து வீட்டில் ஆள் கூப்பிடவா என்று அவர் கேட்டார். அப்புறம் ஒரு மாசத்துக்குத் தெருவெல்லாம் இதே பேச்சாக இருக்கும், வேண்டாம் என்றாள். கழற்றலாம் என்றால் நட்டுகள் அத்தனையும் அவள் பக்கம். தையல்காரர் ஸ்பானரைத் தட்டு வழியாக நீட்டினார்.

"கழட்ட வருமா?" என்று கேட்டாள் மனைவி.

"வரும்."

"வரலைன்னா அந்தப் பக்கமே இருங்க. சோறு இந்தப் பக்கம்தான் இருக்கு."

அவர் போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொள்ள, அவள் நட்டைத் திருகினாள். முதல் நட்டு முரண்டு பிடித்தது. பிறகு இளகியது. அதற்கப்புறம் மளமளவென்று வந்தன. உலையில் சோறு வெந்து முடிவதற்குள் இருபதும் ஒரு டம்ளருக்குள் விழுந்துவிட்டன. பலகைகளைத் தாண்டி மனைவி முன்னறைக்கு வந்தாள். ஒரு பலகையை எடுத்துச் சுவரிடையே வைத்துப் பார்த்தாள். சாக்பீஸ் கோட்டைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நல்லாத்தான் கழட்ட வருது. ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் பிடிச்சுக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும்."

'நாளைக்கு வாங்க' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தையல்காரர் அதை விழுங்கிவிட்டு ரம்பத்தை எடுத்தார்.