டீச்சரும் நானும் தொடங்கிய வலைப்பூ

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரை நினைத்தால், அதன் கடைசித் தடுப்பின் பிளைவுட் சுவர்தான் முதலில் கண்முன் வந்து நிற்கிறது. காம்பஸ் முனையாலும் வண்டிச் சாவியாலும் கீறிய இதயங்கள், அவற்றைத் துளைத்துப் போகும் அம்புகள், இரு பக்கமும் முதலெழுத்துகள். ஊரில் காதலித்த பிள்ளைகள் எல்லாம் அந்தச் சுவரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போயிருந்தார்கள். ஒருவர் உட்கார மட்டுமே இடமுள்ள அந்தத் தடுப்புக்குள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை நுழைத்துக்கொண்டு நானும் டீச்சரும் உட்கார்ந்தோம். எங்களுக்குக் காதல் என்ற ஒன்று வரவில்லை, இனியும் வராது, அதனால் குடியொன்றும் முழுகிவிடவில்லை என்று சொல்வதற்காக ஒரு வலைப்பூ தொடங்க வந்திருந்தோம். டீச்சர் சுவரை மேலும் கீழும் பார்த்தார். “பரவால்ல சார், எதிர்க்கட்சி ஆபீஸ்லயே எடம் புடிச்சிட்டோம்” என்றார்.

டீச்சர் என்றால் எங்கள் பள்ளியின் தமிழ் டீச்சர். எத்தனையோ டீச்சர்கள் இருந்த பள்ளியில் மற்றவர்களைப் பெயரோடு சேர்த்துச் சொல்வோம். வெறுமனே டீச்சர் என்றால் அவர் ஒருவர்தான். நான் கணக்கு வாத்தியார். அகரத்தில் பூ விவசாயம் செய்கிற வீட்டிலிருந்து தாடிக்கொம்பு வழியாகப் பேருந்தில் தொங்கிக்கொண்டு தினமும் வருகிறவன். டீச்சர் டவுனில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். தாய் தகப்பன் போன பிறகு அண்ணன் வீட்டில் இருந்தார். முப்பது தாண்டியிருந்தது. அதற்குச் சில வருடங்கள் முன்பு அவரைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பிப் பார்த்திருந்தார்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லும் பெண்ணுக்கு அந்த வீட்டில் தெரிந்த ஒரே வழி அதுதான். அவர் அங்கிருந்தும் திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டபோது, “ஆண்டவருக்கு மணவாட்டியா இருன்னாங்க சார். எனக்கு அவர் மேல பக்தி இருந்துச்சு, காதல் இல்ல. அவர்கிட்டப் போய்ப் பொய் சொல்ல முடியுமா?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

எங்களைச் சேர்த்து வைத்தது ஸ்டாஃப் ரூமில் நான் சொன்ன ஒரு பொய். பிளஸ் டூ மாணவன் எழுதிய காதல் கடிதம் ஒன்று பிடிபட்ட மதியம், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் ஆளுக்கொரு பழைய காதல் கதையை அவிழ்த்து விட்டார்கள். டீச்சர் முறை வந்தபோது, எனக்கு அப்படி ஒன்றும் வந்ததே இல்லை என்றார். எல்லாரும் சிரித்து, அமுக்கமான ஆள் என்று கேலி செய்தார்கள். என் முறைக்கு என்னிடம் தயாராக ஒரு கதை இருந்தது. கல்லூரிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த ஒரு பெண், நான் சொல்லாமலே விட்ட காதல். கல்லூரி விடுதியிலேயே உருவாக்கி, கேட்கிற இடத்தில் எல்லாம் எடுத்து விட்டுக்கொண்டிருந்த கதை அது. இல்லாவிட்டால் நம்மை மனுசக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்ற பயம். சாயங்காலம் மணி அடித்த பிறகு டீச்சர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, “சார், போன வருசம் சொன்னப்ப அந்தப் பொண்ணுக்கு ரெட்டச் சடை. இன்னைக்கு ஒத்தச் சடை போட்டு விட்டுட்டீங்க” என்றார். மாட்டிக்கொண்ட திருடன் மாதிரி நின்றேன். பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு பாரமே இறங்கிவிட்டது. அன்றைக்கு மைதானத்து வேப்பமரத்தடியில் செத்த நேரம் பேச நின்றவர்கள், இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

காதல் என்ற நினைப்பே வராதவர்களைக் குறிக்கும் அரோமாண்டிக் என்ற ஆங்கிலச் சொல்லை அவர்தான் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். மதிப்பெண் பட்டியல் அடிக்கப் போன இடத்தில் எதையோ தேடி எதையோ படித்து, உலகத்தில் இப்படி நிறையப் பேர் இருக்கிறார்களாம், தங்களுக்குள் எழுதிக்கொள்கிறார்களாம் என்று மூச்சு வாங்கச் சொன்னார். ஆங்கிலத்தில் இருப்பது தமிழில் ஏன் இல்லை என்பது அடுத்த கேள்வி. அப்போது தமிழில் வலைப்பூக்கள் புற்றீசலாகக் கிளம்பிய காலம். கவிதைக்கும் சமையலுக்கும் சண்டைக்கும் இருந்தன. நாமும் தொடங்கலாம், ஆனால் ஒருவர் எழுதினால் அது புலம்பலாகப் போய்விடும், பலர் சேர்ந்து எழுத வேண்டும் என்றார். நான் ‘பூக்காத மரம்’ என்று பெயர் வைக்கலாம் என்றேன். டீச்சர் முறைத்தார். பூக்காவிட்டால் மரம் இல்லையா, குறையைத் தூக்கித் தலைப்பாக வைக்காதீர்கள் என்று கண்டித்து, ‘இங்கேயும் சிலர்’ என்று அவரே வைத்தார். பத்திரிகைகளில் வருவது போலத் தலையங்கம் எல்லாம் கிடையாது. புனைபெயரில் ஆளுக்கொரு வாரம் எழுத வேண்டும். எழுதியதை இன்னொருவர் படித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். யாரையும் ஏன் இப்படி என்று கேட்கக் கூடாது. துபாயில் வேலை பார்த்த ஒருவர், கோயம்புத்தூரில் படித்த ஒரு பெண் என்று சிலர் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை.

பின்னூட்டங்களை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நாங்கள் எழுதியதைப் படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர், இது காதலில் தோற்றவர்களின் சங்கம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆறுதல் கவிதைகள் குவிந்தன. தங்கச்சி, உன்னை ஏமாற்றியது யார் என்று ஒரு அண்ணன் விசாரித்தார். ஒருவர் டாக்டரைப் பார்க்கச் சொன்னார், இன்னொருவர் ஜாதகம் அனுப்பச் சொன்னார். டீச்சர் எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் எழுதுவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் எழுதிய பதில்களை அவர் பாதிக்குப் பாதி அழித்துவிடுவார். அப்படி ஒரு சனிக்கிழமை அந்தப் பின்னூட்டம் வந்தது. ஐம்பது வயது ஆகப் போகிறது, இத்தனை நாளும் ஆண்டவன் என்னை மட்டும் அரைகுறையாகச் செய்துவிட்டான் என்று நினைத்திருந்தேன், இன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்குவேன் என்று யாரோ பெயர் போடாமல் எழுதியிருந்தார். டீச்சர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் கண் கலங்கி, என் கைக்குட்டையை நீட்டினேன். எங்கள் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான சாயங்காலம் வேறு இல்லை.

அந்த நேரம் பார்த்து, பிள்ளையின் ரிசல்ட் எடுக்க வந்த ஒரு பெற்றோர் எங்களைப் பார்த்துவிட்டார். இதயம் இதயமாகக் கீறி வைத்த தடுப்பு, அழுகிற டீச்சர், ஒட்டி உட்கார்ந்து கைக்குட்டை நீட்டுகிற கணக்கு வாத்தியார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். திங்கட்கிழமைக்குள் அது கண் காது மூக்கு எல்லாம் வைத்துப் பள்ளிக்கூடம் முழுவதும் நடமாடியது. இந்து பையன், வேதக்காரப் பெண், அதிலும் வயதில் மூத்தவள் என்று வாயில் போட்டு மென்றார்கள். நாங்கள் மறுக்க மறுக்க அது உறுதியாகிக்கொண்டே போனது. என்ன செய்தீர்கள் அங்கே என்று கேட்டவர்களிடம் வலைப்பூவைக் காட்டியிருக்கலாம்தான். ஆனால் அதில் எழுதிய மற்றவர்கள் எங்களை நம்பித்தான் வந்திருந்தார்கள். அவர்களைச் சந்தியில் நிறுத்த டீச்சருக்கு மனம் வரவில்லை.

திட்டியவர்களைக்கூட மறந்துவிட்டேன். அன்பாக நடந்துகொண்டவர்களைத்தான் மறக்க முடியவில்லை. எங்களுடையது கத்தோலிக்கப் பள்ளி. அதன் கரஸ்பாண்டென்ட் சாமியார் எங்களை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கோபமே இல்லாமல் பேசினார். பிரியம் இருந்தால் மறைக்க வேண்டாம், மதம் ஒரு தடையில்லை, மேற்றிராணியாரிடம், அதாவது பிஷப்பிடம், அனுமதி வாங்கி நானே முன்னால் நின்று கல்யாணத்தை மந்திரித்து வைக்கிறேன் என்றார். அம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “வேதக்காரப் பிள்ளையா இருந்தா என்னப்பு? ஒனக்குன்னு ஒருத்தி வந்தாப் போதும். கூட்டிட்டு வா” என்றாள். அவள் அதைச் சொல்ல எத்தனை ராத்திரி புரண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒன்றும் இல்லையம்மா என்று சொன்னபோது அவள் முகம் வாடியதை இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

டீச்சரின் அண்ணன் அடிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. வீட்டில் வளரும் தன் பெண்பிள்ளைகளைக் காட்டி, சாப்பிடாமல் படுத்துவிட்டார். ஒரு மாதத்துக்குள் மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தேங்காய் வியாபாரம் செய்கிறவர், மனைவியை இழந்தவர், இரண்டு சின்னப் பிள்ளைகள். அதைக் கேள்விப்பட்ட அன்று வேப்பமரத்தடியில் நான் டீச்சரிடம், அப்படியானால் நாமே கட்டிக்கொள்வோம் என்றேன். ஊருக்குக் கல்யாணம், நமக்கு நம் சிநேகிதம்; நீங்கள் உங்கள் அறையில், நான் என் அறையில், வலைப்பூ நடுவில். எனக்கு அது சுலபமான கணக்காகத் தெரிந்தது. டீச்சர் சொன்னார்: “நாம கட்டிக்கிட்டா ஊரு அம்புட்டும் காதல் கல்யாணம்னு சொல்லும் சார். நாம எழுதுனது பூராம் பொய்யாயிரும். அந்த அம்பது வயசுக்காரரு அப்புறம் எப்படித் தூங்குவாரு? இந்த மாப்பிள்ளகிட்ட நான் உள்ளதச் சொல்லிட்டேன். எனக்கு அந்த மாதிரி நெனப்பு வராதுன்னு. பிள்ளைகளப் பாத்துக்கிட்டாப் போதும்னாரு. இதுல பொய் இல்ல.” அவரிடம் வாதாடி ஜெயித்தவர் யாரும் கிடையாது. மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள், கல்யாணம் முடிந்தது. என்னை அழைக்க முடியாது என்று அவரே சொல்லி வருத்தப்பட்டார்.

அதன் பிறகு அவர் ஒரு ரூபாய் போனிலிருந்து எப்போதாவது கூப்பிடுவார். நலமா என்று கேட்பதற்கு முன்னால், எழுதுகிறார்களா என்றுதான் கேட்பார். எழுதுகிறார்கள் என்பேன். உண்மையில் ஒவ்வொருவராக நின்றுகொண்டிருந்தார்கள். துபாய்க்காரர் காணாமல் போனார், கோயம்புத்தூர்ப் பெண்ணுக்கு நிச்சயம் ஆனது. பல வாரங்கள் நானே நான்கு புனைபெயரில் எழுதி ஒப்பேற்றினேன். இன்றைக்குக் கையில் போனை வைத்திருக்கிற பிள்ளைகள் இதையெல்லாம் சர்வ சாதாரணமாகப் பேசுகிறார்கள். சொல் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, கொடிகூட இருக்கிறதாம். நல்லது. டீச்சர் ஒரு பத்து வருடம் பிந்திப் பிறந்திருக்கலாம் என்று அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

அவருக்கு மஞ்சள் காமாலை கண்டு, கவனிக்காமல் விட்டு, முற்றிவிட்டது. கல்யாணமாகி மூன்று வருடம்கூட ஆகவில்லை. பள்ளியிலிருந்து எல்லாரும் ஒரு வேனில் போனோம். வீட்டு வாசலில் பந்தலுக்குள் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவர் வளர்த்த இரண்டு பிள்ளைகளும் அம்மா அம்மா என்று பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தன. நான் ஓரமாக நின்றேன். டீச்சரின் கணவர் என்னை அடையாளம் கண்டு எழுந்து வந்தார். சாந்தமான முகம். நீங்கள்தானே அந்தக் கணக்கு சார் என்று கேட்டு, கையைப் பிடித்துத் தென்னை மரத்தடிக்குக் கூட்டிப் போனார். பிள்ளைகளை அவள் பெற்றவள்போலப் பார்த்துக்கொண்டாள், ஒரு குறையும் வைக்கவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்கிட்ட அந்த நெனப்பத் தேடாதீங்கன்னு மொத நாளே சொல்லிட்டா சார். அத எங்க விட்டுட்டு வந்திருக்கான்னு எனக்குத் தெரியாதா? ஒருநாளும் கேட்டு நோகடிக்கல. நாந்தான் ஒங்களுக்குக் குறுக்க வந்துட்டேன்” என்றார்.

அத்தனை வருடமும் அந்த மனிதர் இதைச் சுமந்துகொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வலைப்பூ, அதை ஏன் தொடங்கினோம், அன்றைக்கு டீச்சர் ஏன் அழுதார், நான் கட்டிக்கொள்கிறேன் என்றதற்கு என்ன பதில் சொன்னார், ஒன்றையும் விடவில்லை. டீச்சர் யாரையும் விரும்பவில்லை, என்னையும்தான், அவர் உங்களிடம் சொன்னது முழுக்க நிஜம் என்றேன். அந்த மனிதர் நான் முடிக்கிற வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

“செத்துப்போனவ பேரு கெட்ரக் கூடாதுன்னு பாக்குறீங்க. நல்ல மனுசன் சார் நீங்க. அவ ஆசப்பட்டதுல தப்பே இல்ல.”

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கிய பிறகு சாமியார் முதலில் மண் போட்டார். அடுத்து உறவுக்காரர்கள் முறை. டீச்சரின் கணவர் தான் முன்னால் போகாமல், சாருக்கு வழி விடுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் விலகியது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கையில் மண்ணை அள்ளிக்கொண்டு குழிக்கு மேலே நின்றேன். அழக் கூடாது, அழுதால் டீச்சர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நானே பொய்யாக்கியதாகும் என்று பல்லைக் கடித்தேன். எனக்கு இருந்தது அந்த ஒரே ஒரு சிநேகிதி. அடக்க முடியாமல் வாய்விட்டு அழுதுவிட்டேன். பின்னால் ஒரு பெண், பாவம், எம்புட்டு ஆசை வச்சிருந்திருக்காக என்று மூக்கைச் சிந்தினாள். நான் மண்ணைப் போட்டேன்.