பத்தாவது வாய்தா

எதிரே இருப்பவர் வாயைத் திறந்தால் போதும், அவள் விரல்கள் ஓடத் தொடங்கிவிடும். மேசை இருந்தால் மேசைமேல், இல்லாவிட்டால் தொடைமேல், பேருந்தில் நிற்கும்போது கைப்பையின்மேல். கடைக்காரர் "தக்காளி காலையில வந்ததும்மா, கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த வாக்கியம் கூடையின் விளிம்பில் எழுத்துக்கு எழுத்து தட்டப்பட்டு, முற்றுப்புள்ளியும் வைக்கப்பட்டிருக்கும். பதினோரு வருடமாக நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிற டைப்பிஸ்ட். வீட்டில் சண்டை வந்தால் கணவர் பாதியில் நிறுத்தி, "முதல்ல அந்தக் கைய நிறுத்து" என்பார். நிறுத்திவிட்டால் அவளுக்கு எதுவும் காதில் ஏறாது. "இப்ப என்ன சொன்னீங்க?" என்பாள். சண்டை அதோடு நீர்த்துப்போகும்.

வயது முப்பத்தைந்து. ஒன்றரை வருடத்துக்கு முன்பு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கொட்டிய முடி திரும்பி வந்தபோது சுருட்டையாக வந்தது. "இது என்னோடது இல்ல, யாருக்கோ வரவேண்டியது மாறி வந்துருச்சு" என்று இப்போதும் சொல்கிறாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவளை மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், பிசியோதெரபி அறையில் பார்க்கலாம். இதே நோயிலிருந்து மீண்ட, நாற்பது தாண்டாத பெண்கள் ஏழெட்டுப் பேர் அங்கே வட்டமாக உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்லி எழுதுகிறார்கள். பெரிய திட்டம் போட்டுத் தொடங்கியது அல்ல. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சுவரில் விரல்களை நடக்கவிட்டுக் கையைத் தூக்கும் பயிற்சிக்கு வந்தவர்கள், கையைத் தூக்காமல் கதை பேசிக்கொண்டே இருந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "அம்மாக்களா, சனிக்கிழமை ரூமைத் திறந்து விடறேன், கதையையெல்லாம் அன்னிக்குக் கொட்டிடுங்க. மத்த நாள்ல கைய மட்டும் தூக்குங்க" என்றாள். பாதிப் பேருக்கு மருந்தின் வேகத்தில் விரல் நுனி மரத்துப் போயிருந்தது, பேனா நழுவியது. அப்போதுதான் இவள் மடிக்கணினியைத் திறந்து, "நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்றாள். நீதிமன்றமும் அவளோடு உள்ளே நுழைந்துவிட்டது.

அவளிடம் கதை சொல்வது லேசுப்பட்ட வேலை இல்லை. புதிதாக வந்த வங்கிக்காரி ஒருத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரிசல்ட்டைக் கேட்டதும் உலகமே இருண்டு போச்சு" என்று தொடங்கினாள்.

விரல்கள் நின்றன. "மணி என்ன?"

"காலையில பதினொண்ணு இருக்கும்."

"கரண்ட் போயிருந்ததா?"

"இல்ல..."

"அப்ப இருட்டு எங்கிருந்து வந்தது? என்ன பாத்தீங்களோ அத மட்டும் சொல்லுங்க."

வங்கிக்காரி முறைத்தாள். பிறகு யோசித்தாள். "டாக்டர் கையில ஒரு பேனா. அதோட மூடிய யாரோ நல்லா கடிச்சு வெச்சிருந்தாங்க. அவரே கடிச்சிருப்பாரோன்னு தோணிச்சு. இவ்வளவு படிச்சவர் பேனாவைக் கடிப்பாரான்னு அதையே பாத்துக்கிட்டிருந்தேன். அவர் சொன்னது ஒண்ணும் காதுல விழல."

"இது சாட்சி," என்று சொல்லிவிட்டு விரல்கள் பறந்தன.

கேள்விப்பட்டதை அவள் ஏற்பதில்லை. 'எல்லோரும் சொன்னாங்க' என்றால், யார் யார் என்று ஆளைச் சொல்ல வேண்டும். ஊகத்துக்கு இடமே கிடையாது. 'போராளி' என்ற சொல்லைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "யாரோட சண்டை போட்டீங்க? காயம்பட்டது நீங்க மட்டும்தானே?" என்பாள். சொன்னவர் எழுந்து போய்ச் சுவரில் ஐந்து முறை விரல்நடை நடந்துவிட்டு வரவேண்டும். அவளுடைய இந்தச் சட்டத்தால் அங்கே பலருக்குத் தோள் நன்றாகத் தூக்க வந்துவிட்டது.

கண்டக்டர் என்று எல்லோரும் கூப்பிடும் பெண்மணி உண்மையிலேயே பேருந்து நடத்துனர்தான். அவள் தன் செயற்கை முடி ஓடும் பேருந்தின் ஜன்னல் வழியாகப் பறந்த கதையைச் சொன்னபோது அறை குலுங்கிச் சிரித்தது. சிரிக்காதவள் இவள் ஒருத்திதான்.

"ஜன்னல் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"போன வாரம் டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி நின்னேன்னு சொன்னீங்க. அது வலது பக்கமாச்சே?"

"ஏம்மா கோர்ட்டு, போனது என் முடி. எந்தப் பக்கம் போனா உனக்கென்ன?"

"பதியணும்ல?"

"வலது பக்கம்னே பதிஞ்சுக்க. பின்னாடி பைக்குல வந்தவன் தலையில போய் உக்காந்துச்சு. அடுத்த ஸ்டாப்புல கொண்டுவந்து, 'அக்கா, இது உங்களுதா'ன்னு கேட்டான். அவனுக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

இப்படிப் பதிந்ததெல்லாம் அப்படியே அச்சாகும். ஒரு சொல்லை விடமாட்டாள், சேர்க்கவும் மாட்டாள். மருத்துவமனை ஆண்டுவிழாவுக்கு இந்தக் கதைகளைத் தொகுத்துத் தரக் கேட்டபோது கட்டு முழுவதையும் கொடுத்துவிட்டாள். தலைமை அறுவை மருத்துவர் மேடையில் ஏறி உருக்கமான குரலில் படித்தார்: "அன்று இரவு என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாட்சி மூக்கைச் சிந்துகிறார். பிஸ்கட் டப்பா எங்கே என்று வினவுகிறார். இந்த இடத்தில் பிசியோதெரபிஸ்ட் குறுக்கிட்டு, ஏசியை யார் கூட்டி வைத்தது என்றார்." மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது வரிசையில் இவள், 'சரிதான், மேலே படியுங்கள்' என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

ஒவ்வொரு கதையும் முடிந்ததும் சொன்னவருக்குப் படித்துக் காட்டுவாள். அடியில் "படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டேன்" என்று ஒரு வரி. அதன்கீழ் கையெழுத்து. கையெழுத்துப் போடும்போதுதான் பலர் அழுதார்கள். அந்த அழுகையை மட்டும் அவள் பதிவதில்லை. "அது ரெக்கார்டு முடிஞ்சதுக்கு அப்புறம் வந்தது" என்பாள்.

இத்தனை பேரின் கதையை வாங்கியவள் தன் கதையைச் சொன்னதில்லை. அதற்குக் காரணம் அந்த அறையின் ஜன்னல் திட்டில் வரிசையாக நிற்கிறது: பதினோரு தைல பாட்டில்கள்.

எல்லாம் தங்கை அனுப்பியவை. தங்கைக்கு முப்பத்தொரு வயது, தொலைவில் வேறு ஊரில் இருக்கிறாள். இவளுக்கு நோய் என்று தெரிந்தபோது தங்கைக்கு எட்டாம் மாதம். பயந்துவிடக் கூடாதே என்று, "தோள்பட்டைல வலி, பிசியோதெரபிக்குப் போறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள். அந்த ஒரு வார்த்தைக்குத் தங்கை மாதாமாதம் தைலம் அனுப்பத் தொடங்கினாள். வட்டத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பாட்டிலை எடுத்து முழங்காலில் தேய்த்துக்கொண்டார்கள். பச்சை மூடித் தைலம் கண்டக்டருக்கு மிகவும் பிடித்துப்போனது. "இது தீர்ந்துபோச்சு, தங்கச்சிகிட்ட வலி ஜாஸ்தியாயிருச்சுன்னு சொல்லும்மா" என்று கேட்கும் அளவுக்கு.

சனிக்கிழமை நாலரை மணிக்குத் தங்கையின் அழைப்பு வரும். இவள் தாழ்வாரத்துக்குப் போய், "பிசியோ ரூம்லதான்டி இருக்கேன்" என்பாள். திரும்பி வந்து, "நான் பொய் சொல்லல. இது பிசியோ ரூம்தானே?" என்பாள்.

"உண்மை, முழு உண்மைன்னு ஏதோ சத்தியம் வாங்குவீங்களே கோர்ட்டுல," என்றாள் கண்டக்டர். "அதுல முதல் வார்த்தையோட இறங்கிட்டியா?"

நான்கு மாதத்துக்கு முன்பு விஷயம் கனத்துவிட்டது. மரபணுச் சோதனை முடிவைக் காட்டி மருத்துவர், "இது குடும்பத்துல வர்ற வகை. உங்க தங்கச்சியும் உடனே பரிசோதனை பண்ணிக்கணும். தள்ளிப் போடாதீங்க" என்றார். சொல்கிறேன் என்று வந்தவள் தள்ளிப் போட்டாள். குழந்தைக்குப் பல் முளைக்கிறது. குழந்தைக்கு ஊசி போட்டிருக்கிறார்கள். வீடு மாற்றுகிறார்கள். குழந்தை நடக்கப் பழகுகிறது, இந்த நேரத்தில் எப்படி. அக்காவின் கதைக்கென்று பெயரெழுதிய வெற்றுக் கோப்பு ஒன்று மேசையில் கிடந்தது. இப்படித் தள்ளிப்போன ஒவ்வொரு வாய்தாவுக்கும் கண்டக்டர் தன் பையிலிருந்து டிக்கெட்டில் துளை போடும் பழைய பஞ்ச் கருவியை எடுத்து அந்த அட்டையில் ஒரு ஓட்டை போட்டாள். ஒன்பது ஓட்டை ஆயிற்று. "இன்னும் நாலு போட்டா டீ வடிகட்டலாம்" என்றாள்.

வட்டத்தில் ஒரு தையல்காரி இருந்தாள். முப்பத்திரண்டு வயது, வாய் ஓயாது. தனக்கான உள்சட்டையைத் தானே தைத்த கதையை ஒரு சனிக்கிழமை சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரு பக்கம் பஞ்சு வெச்சேன். எடை பத்தல, நடந்தா ஏறி ஏறி வருது. எடை சரியா வர்றதுக்கு உள்ள என்ன போட்டேன்னு சொல்லுங்க பாப்போம்?" அப்போது மணி ஐந்து. பிசியோதெரபிஸ்ட் சாவியோடு வந்து நின்றாள். தையல்காரி கண்ணடித்து, "யோசிச்சு வைங்க. மீதி அடுத்த வாரம்" என்று எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரம் மேல்மாடியில் படுக்கையில் இருந்தாள், பேச முடியவில்லை. போன மாதம் போய்விட்டாள்.

உள்ளே என்ன போட்டாள் என்று யாருக்கும் தெரியாது. அவள் போன பிறகு கூடிய முதல் சனிக்கிழமை அதைத்தான் பேசினார்கள். கோலிக்குண்டு என்றாள் ஒருத்தி. அவள் கடைப் பித்தான்கள்தான் என்றாள் வங்கிக்காரி. தையல் மெஷினின் பழைய இரும்பு பாபினாக இருக்கும் என்றாள் கண்டக்டர். சிரிப்பு வந்தது, நடுவில் நின்றுபோனது. டைப்பிஸ்ட் எதையும் பதியவில்லை. "ஊகம்" என்றாள். தையல்காரியின் கடைசித் தாளை முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். 'மீதி அடுத்த வாரம்' என்ற வரிக்குக் கீழே இருந்த வெள்ளையில் அவள் விரல்கள் போய்ப் போய்த் திரும்பின. படித்துக் காட்டவும் ஆள் இல்லை, ஒப்புக்கொள்ளவும் ஆள் இல்லை.

கண்டக்டர் எழுந்து வந்து மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உக்காரும்மா கோர்ட்டு, அந்த நாற்காலியில."

"உங்களுக்கு டைப் அடிக்கத் தெரியாதே."

"ஒத்த விரல் போதும். எப்படித் தெரிஞ்சுது, சொல்லு."

"பொதுவா இதெல்லாம்..."

"பொதுவான்னு ஒரு ஸ்டாப் கிடையாது. எங்க ஏறின?"

டைப்பிஸ்ட் தண்ணீர் கேட்டாள். குடித்தாள். பிறகு சொன்னாள்.

"ஒரு செவ்வாய்க்கிழமை. ரெக்கார்டு ரூம்ல கீழ் அடுக்குல இருந்து கேஸ் கட்டைத் தூக்கி மாரோட அணைச்சேன். உள்ள ஏதோ உறுத்திச்சு. கட்டோட கயித்து முடிச்சுன்னு நினைச்சேன். கட்டைக் கீழ வெச்சேன். முடிச்சு கீழ போகல."

அறையில் ஒற்றை விரல் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. ஒரு எழுத்தைத் தேட கண்டக்டருக்கு அரை நிமிடம் ஆனது. அவசரப்படுத்த யாரும் இல்லாததால் அவளும் மெதுவாகச் சொன்னாள். குளியலறைக் கண்ணாடியைத் திருப்பி வைத்ததை. கணவர் அதை மறுபடி நேராக வைத்ததை. அவர் திருப்ப, இவள் திருப்ப, ஒரு வாரம் கண்ணாடி சுற்றிக்கொண்டே இருந்ததை.

"யார்கிட்டயெல்லாம் சொன்ன?"

பதில் வருவதற்குள் மேசையில் கைபேசி அதிர்ந்தது. நாலரை. கண்டக்டர் பஞ்ச் கருவியைக் கையில் எடுத்துக் கோப்பின் விளிம்பில் வைத்தாள், அழுத்தவில்லை. எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். டைப்பிஸ்ட் தாழ்வாரத்துக்குப் போகவில்லை. ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"அக்கா, கை எப்படி இருக்கு?"

"ஒண்ணு படிச்சுக் காட்டறேன். முடியற வரைக்கும் குறுக்க பேசாத."

மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். கண்டக்டர் விட்ட எழுத்துகளை விட்டபடியே, சேர்த்ததைச் சேர்த்தபடியே. "சாட்சி தண்ணீர் குடிக்கிறார். சாட்சி பாட்டிலை எனக்குத் தரவில்லை" என்பதையும் விடாமல். மரபணுச் சோதனை பற்றி மருத்துவர் சொன்னது அதில் இல்லை. அதை மட்டும் மடிக்கணினியை மூடிவிட்டு, வாயால் சொன்னாள். "உனக்கும் பாக்கணும்டி. இந்த வாரமே."

மறுமுனையில் குழந்தை ஏதோ பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"முடிச்சுட்டியா?" என்றாள் தங்கை.

"ம்."

"இப்ப நான் பேசலாமா?"

"பேசு."

"அப்ப அந்தத் தைலத்தையெல்லாம் யாரு தேச்சுக்கிட்டா, அக்கா?"

கண்டக்டர் பச்சை மூடி பாட்டிலைச் சத்தமில்லாமல் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பிறகு தங்கை கொட்டத் தொடங்கினாள். ஏசினாள், நடுவில் அழுதாள், என்றைக்கு எங்கே பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று கேட்டாள், அக்கா பதில் சொன்னதும் மறுபடி முதலிலிருந்து ஏசினாள். மூச்சு விடாத, முற்றுப்புள்ளி இல்லாத பேச்சு. வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் பழக்கத்தில் டைப்பிஸ்ட்டின் கைகளைத்தான் பார்த்தார்கள். பத்து விரல்களும் அவள் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை.