கருப்பை எடுத்த பிறகு ஏறிய பழனிப் படி

தக்காளிக் கூடையைத் தலைக்கு ஏற்றியபோதுதான் என் தொடையிடுக்கில் ஏதோ வழுக்கி இறங்கியது. தொண்ணூறுகளின் கடைசி, தொப்பம்பட்டிப் பக்கம் எங்கள் தோட்டம். எனக்கு எதையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். கதவைச் சாத்தி, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துக் குந்திப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக ஓர் உருண்டை தெரிந்தது. அடக் கடவுளே, இது எங்கிருந்து வந்தது!

இதே தொல்லையோடு படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நான் விரலால் உள்ளே தள்ளிவிட்டு வருடக்கணக்கில் வேலை பார்த்தேன். இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசியும். யாராவது சிரிக்கப் பேசினால் காலை இறுக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். ஊரில் எனக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர்.

கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். கருப்பை இறக்கம் (தாங்கும் தசைகள் தளர்ந்து கருப்பை கீழே வருவது) என்றார். வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகவே அதை எடுத்து, தளர்ந்த இடத்தை இழுத்துத் தைக்கலாமாம்.

"தச்சது தாங்குமுங்களா டாக்டர்?"

"வெயிட் தூக்காம இருந்தாத் தாங்கும்மா. தூக்குனா மறுபடி எறங்கிரும்."

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். விழித்தேதான் கிடந்தேன். எடுத்ததை எனக்குக் காட்டுங்கள் என்று முன்பே கேட்டிருந்தேன். நர்ஸோ வழக்கப்படி அதைத் தட்டில் வைத்து, வெளியே நின்ற என் வீட்டுக்காரருக்குக் காட்டிவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். என்னுடையதை நான் மட்டும் பார்க்கவில்லை!

"ஏனுங்க, எப்படி இருந்துச்சு?" என்று அவரைக் கேட்டேன். மனுஷன் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். தட்டைப் பார்த்த இடத்திலேயே, நான் பிழைத்து வந்தால் என்னையே பழனிக்குப் பால்குடம் எடுக்க வைப்பதாக என் பேரில் வேண்டிக்கொண்டதாகச் சொன்னார்.

"நல்லாருக்குங்க கூத்து! கொடம் தூக்கவா தையல் போட்டுட்டுப் படுத்திருக்கேன்?"

கேலியாகச் சொன்னாலும் உள்ளுக்குள் பயம். சாமிக்குச் சொன்னதை மீறவும் மனமில்லை. தையல் விட்டுப்போனால் மறுபடி அந்த உருண்டைதான். மறுபரிசோதனைக்குப் போனபோது, தலையில் குடம் தூக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன்.

"தலையில தூக்குனாலும் பாரம் அடியிலதாம்மா எறங்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "கொடத்த நீங்களே எடுங்க."

"உன் பேரச் சொல்லியில்ல புள்ள வேண்டுனேன்? சாமி ஒத்துக்குமா?"

"தட்டுல பாத்தது நீங்கதான? அப்ப நீங்கதான் தூக்கோணும்."

பங்குனியில் மஞ்சள் வேட்டி கட்டிக் குடத்தோடு படியேறினார். நான் வெறுங்கையோடு பக்கத்தில் போனேன். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றார். அது எப்படி இருந்தது என்று விடாமல் மறுபடி கேட்டேன்.

"கொய்யாக்கா அளவுதான் புள்ள இருந்துச்சு" என்றார் மெல்ல. "இதுக்குள்ளயா நம்ம பசங்க மூணு பேரும் இருந்தாங்கன்னு நெனச்சதும் ஒடம்பே நடுங்கிப்போச்சு."

அவர் கண் கலங்குவது தெரிந்ததும் பேச்சை மாற்றினேன். "பின்ன, மீசையோடயா உள்ள இருந்தாங்க?"

குடம் தளும்ப அவர் சிரித்தார். நானும் படியிலேயே சத்தமாகச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்: காலை இறுக்கவில்லை. சேலையும் நனையவில்லை.

அவர் முன்னே ஏறிப் போய்விட்டார். நான் நின்று, இன்னொரு தடவை சிரித்துப் பார்த்தேன்.